பெயர் போட்டவர் பதில் சொல்லட்டும்

1994 ஆகஸ்டில் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அப்ஸ்டெட்ரிக்ஸ் அண்ட் கைனகாலஜி' என்ற ஆய்விதழில் இரண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. கருப்பைக்கு வெளியே தங்கிவிட்ட கருவை எடுத்துக் கருப்பைக்குள் வைத்ததாகவும், அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்ததாகவும் கட்டுரை சொன்னது. கரு அப்படி இடம் மாறித் தங்கினால் தாயின் உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. கருவையும் காப்பாற்றிவிட்டோம் என்றால் யார்தான் வாயைப் பிளக்கமாட்டார்கள்? பத்திரிகைகள் கொண்டாடின.

எழுதியவர் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் மூத்த மருத்துவர் மால்கம் பியர்ஸ். கட்டுரையின் மேல் இருந்த மூன்று பெயர்களில் கடைசிப் பெயர் ஜெஃப்ரி சேம்பர்லின். பியர்ஸின் துறைத்தலைவர் அவர்தான். அந்த ஆய்விதழின் பதிப்பாசிரியரும் அவர்தான். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கெல்லாம் தலைமை அமைப்பான ராயல் கல்லூரிக்குத் தலைவரும் அவரே. இதற்கு மேல் ஒரு பெயருக்கு என்ன கனம் வேண்டும்?

அதே மருத்துவமனைக்குள்ளிருந்துதான் சந்தேகம் கிளம்பியது. விசாரித்தபோது அப்படி ஒரு நோயாளி வந்துபோனதற்கான தடயமே இல்லை. அதே இதழில் பியர்ஸின் இன்னொரு கட்டுரையும் இருந்தது; 191 பெண்களிடம் நடத்திய சிகிச்சைச் சோதனை என்று அதில் எழுதியிருந்தார். அந்தப் பெண்களையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பியர்ஸின் வேலை போயிற்று. 1995இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள்.

சேம்பர்லின் பொய் எழுதவில்லை, புள்ளிவிவரம் எதையும் புனையவில்லை. துறைத்தலைவர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது வழக்கம், அந்த வேலையில் தனக்குப் பங்கில்லை, பியர்ஸை நம்பினேன் என்றார். அவரைப் பொறுத்தவரை அது தற்காப்பு. கேட்டவர்களுக்கோ அது ஒப்புதல் வாக்குமூலம். கல்லூரித் தலைவர் பதவியையும் இதழின் பொறுப்பையும் விட்டு விலகினார்.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி மாணவரிடம் சொன்னால் அவருக்குப் பியர்ஸின் துணிச்சல் வியப்பாக இருக்கலாம். சேம்பர்லினின் விளக்கத்தில் வியக்க எதுவும் இருக்காது. "எச்.ஓ.டி. பேரையும் போட்டுடுப்பா" என்ற வாக்கியத்தைக் கேட்காமல் இங்கே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் குறைவு. கைடு பெயர் கேட்காமலே வரும். கருவியைப் பயன்படுத்த அனுமதித்தவர், நாளை வாய்மொழித் தேர்வுக்கு வரக்கூடியவர், சக மாணவர் என்று பட்டியல் நீளும். சக மாணவருக்கு மட்டும் ஓர் ஒப்பந்தம்: இதில் உன் பெயர், அடுத்ததில் என் பெயர்.

இதைப் பெருந்தன்மை என்று நினைப்பவர்கள் உண்டு. வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டால் அதே பெரியவர்கள் பத்து முறை யோசிப்பார்கள். கடன் வாங்கியவன் கட்டாவிட்டால் வீட்டுக்கு நோட்டீஸ் வரும் என்று தெரியும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் கொடுப்பதும் அந்த வகைக் கையெழுத்துதான் என்பதை உலகம் மெதுவாகத்தான் விதியாக எழுதி வைத்தது.

மருத்துவ ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடினார்கள். அப்போது அவர்கள் பேசியது பெரும்பாலும் கட்டுரையின் வடிவத்தைப் பற்றி, மேற்கோள் காட்டும் முறையைப் பற்றி. யார் கட்டுரையாளர் என்ற கேள்விக்கு வரையறை வந்தது 1985இல். ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவைத் திரட்டியதிலோ ஆராய்ந்ததிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும் அல்லது உள்ளடக்கத்தைத் திருத்தியிருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் பெயர். பணம் வாங்கித் தந்தது, துறைக்குத் தலைமை வகிப்பது மட்டும் போதாது. அவற்றுக்கு நன்றிப் பகுதி இருக்கிறது.

நான்காவது நிபந்தனை சேர 2013 வரை ஆயிற்று. கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும், அது முறையாக விசாரிக்கப்பட்டுத் தீரும்வரை பொறுப்பேற்கச் சம்மதிக்க வேண்டும் என்பது அது. முதல் மூன்றும் செய்த வேலையைப் பற்றியவை. இது இனிமேல் வரக்கூடிய வம்பைப் பற்றியது. நான்கில் கடைசியாக வந்த இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இடையில் பிரிட்டனின் பதிப்பாசிரியர்கள் 1997இல் 'கோப்' என்ற வெளியீட்டு நெறிக் குழுவைத் தொடங்கினார்கள். பியர்ஸ் விவகாரத்தின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழான 'ஜாமா'வில் டிரம்மண்ட் ரென்னியும் வேறு இருவரும் ஒரு மாற்று சொன்னார்கள். கட்டுரையாளர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் அடைக்காமல், சினிமாவின் கடைசியில் ஓடுகிற பட்டியல் மாதிரி யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள். முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்ல உத்தரவாதியாக ஒருவரையாவது காட்டுங்கள் என்றார்கள். முதல் பாதி நன்றாக ஊன்றிவிட்டது. இன்று ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் 'கிரெடிட்' என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலைக் கேட்கின்றன. உத்தரவாதி என்ற இரண்டாம் பாதி சில மருத்துவ இதழ்களோடு நின்றுவிட்டது.

அந்த 14 கட்டங்கள் எப்படி நிரம்புகின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கட்டுரையை அனுப்பும் இணையதளத்தில் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம் அது. படங்களை ஏற்றி, கோப்புகளின் அளவைக் குறைத்து, மதிப்பீட்டாளர்களாகச் சிலர் பெயரைத் தேடிப் போட்டு முடிக்கும்போது ராத்திரியாகியிருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், மேற்பார்வை, நிதி திரட்டல் என்று கட்டங்கள். ஆறு பேரில் நிஜமாக வேலை செய்தவர்கள் இருவர். மீதிப் பேருக்கு எதையாவது டிக் செய்யாவிட்டால் பக்கம் நகராது. மாணவர் யோசிக்கிறார். 'எழுதியதைப் பார்வையிட்டுத் திருத்தினார்' என்ற கட்டம் கண்ணில் படுகிறது. நால்வருக்கும் அதில் டிக் விழுகிறது. அவர்களில் யாரும் கட்டுரையைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள். படிவத்தில் பொய் ஏறிவிட்டது. அதுவும் அந்த அறையில் அதிகாரம் மிகக் குறைந்தவரின் கையால்.

மாணவரைக் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளின்படி, மொழி, கலைத் துறைகளில் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண். அறிவியல் துறைகளில் 8. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். இருவருக்கு மேல் போனால் முதன்மைக் கட்டுரையாளருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். கூட்டிப் பாருங்கள். தனியாக எழுதினால் 10. இருவர் எழுதினால் 7ம் 7ம் 14. ஐந்து பேர் பெயர் போட்டால் 7 போக நான்கு மூன்று 12, ஆக 19. கட்டுரை ஒன்றுதான், உழைப்பும் அதேதான். மூவருக்கு மேல் ஒரு பெயரைச் சேர்க்கும்போதெல்லாம் எங்கிருந்தோ மூன்று மதிப்பெண் முளைக்கிறது, ஏற்கெனவே இருப்பவர் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. பெயரை இனாமாகக் கொடுப்பவனுக்கு நஷ்டமில்லாத கணக்கு இது. அதற்குப் பிறகு நெறிமுறைப் பயிலரங்கு நடத்தி என்ன பயன்?

மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு நேரெதிர்த் திசையில் ஒரு முயற்சி நடந்தது. பதவி உயர்வுக்கு முதல் இரண்டு பெயர்களுக்குள் இருந்தால்தான் கணக்கில் எடுப்போம் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2015இல் சொன்னது. இனாம் பெயர்களை அது கட்டுப்படுத்தியதோ இல்லையோ, மூன்றாம் இடத்தில் இருந்த புள்ளியியலாளரின் உழைப்பை ஒரே வரியில் இல்லாமலாக்கியது. எந்த இடம் கணக்கில் வருமோ அந்த இடத்துக்கு அடிதடி. வேறென்ன நடக்கும்?

தேவை இருக்குமிடத்தில் கடையும் திறந்துவிடுகிறது. எழுதி முடித்து ஏற்கப்பட்ட கட்டுரையில் பெயர் சேர்க்கும் இடத்தை விலைக்கு விற்கும் தரகு நிறுவனங்களைப் பற்றி 2013இல் 'சயின்ஸ்' இதழ் சீனாவிலிருந்து ஒரு புலனாய்வை வெளியிட்டது. விலை 1,600 டாலரிலிருந்து 26,300 டாலர் வரை. முதல் இடத்துக்கு ஒரு விலை, பின்னால் போகப் போகக் குறைவு. மரியாதைக்காகக் கொடுத்ததும் காசுக்கு விற்றதும் அச்சில் ஒரே மாதிரிதான் இருக்கும். வாசகரால் பிரித்தறிய முடியாது.

எழுதியவர் பெயர் மறைவதும் இந்த நோயின் இன்னொரு முகம். வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வுக்குப் பராக்ஸிடின் மாத்திரை பயன்படுவதாக 2001இல் வந்த கட்டுரையில் 22 பெயர்கள் இருந்தன. ஆய்வு எண் 329 என்று அதற்குப் பெயர். வரைவை எழுதியது மருந்து நிறுவனம் அமர்த்திய எழுத்தாளர். அவருக்கு நன்றிப் பகுதியில் ஓர் ஓரம். 2015இல் வேறொரு குழு மூலத் தரவை எடுத்து மீண்டும் ஆராய்ந்து, மருந்து பலன் தரவுமில்லை, பாதுகாப்பானதுமில்லை என்று 'பி.எம்.ஜே.' இதழில் எழுதியது. அந்த 14 ஆண்டுகளில் மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளின் பெற்றோர் 22 பேரில் யாரிடம் போய்க் கேட்பது?

பெயர் விடுபடும் கதைகளில் நமக்குப் பக்கத்தில் இருப்பது ராமன் விளைவு. சம்பந்தப்பட்டவர்களில் இருவர் தமிழர்கள்: திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். மூன்றாமவர் எஸ். வெங்கடேஸ்வரன். வேறொரு வேலையில் இருந்துகொண்டு கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழக ஆய்வுக்கூடத்துக்குப் பகுதி நேரமாக வந்தவர். சுத்திகரித்த கிளிசரினில் சிதறிய ஒளி நீலமாக இல்லாமல் பசுமை கலந்து தெரிவதைக் கவனித்தவர் அவர். அதன் பிறகு 1928 பிப்ரவரியில் ராமன் கிருஷ்ணனைச் சோதனையில் இறக்கினார். 'நேச்சர்' இதழில் மார்ச் 31 அன்று வந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கின்றன. ஏப்ரல் 21 அன்று வந்த அடுத்த குறிப்பு ராமன் பெயரில் மட்டும். மே 5இல் வந்தது மீண்டும் இருவர் பெயரில். இவற்றுக்கெல்லாம் முன்பு, மார்ச் 16 அன்று பெங்களூரில் ராமன் ஆற்றிய உரையும் அவர் பெயரில் மட்டும் அச்சானது. கிருஷ்ணனின் ஒத்துழைப்புக்கும் வெங்கடேஸ்வரனின் உதவிக்கும் அதில் நன்றி இருக்கிறது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்.

கிருஷ்ணனுக்கு அநீதி என்று கொதிப்பவர்களும், தலைமை ராமனுடையதுதானே என்பவர்களும் இன்றைக்கும் உண்டு. இரண்டு கட்சியிலும் சேரவேண்டிய அவசியமில்லை. பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் ராமன், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய நான்கு நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால் விவாதிக்க வேண்டிய பெயர் வெங்கடேஸ்வரனுடையது. பசுமையைக் கண்டவர் நன்றிப் பகுதியோடு நின்றுவிட்டார். வரைவைத் திருத்தவும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தரவும் பகுதி நேரக்காரருக்கு அழைப்பு வந்திருந்தால் அவரும் முதல் மூன்று படிகளையும் கடந்திருப்பார். வான்கூவர் விதியிலேயே இதற்கு ஒரு காப்பு வைத்திருக்கிறார்கள்: முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்றவற்றையும் நிறைவேற்ற வாய்ப்புத் தர வேண்டும், வாய்ப்புத் தராமல் விட்டு, 'தகுதியில்லை' என்று சொல்லக் கூடாது. ஆய்வகத் தொழில்நுட்பர்கள், கள ஆய்வுக்கு வீடு வீடாகப் போனவர்கள், இன்றும் தரவு திரட்டிக்கொடுத்துவிட்டு வெளியே நிற்பவர்கள் எல்லாரும் பிடித்துக்கொள்ள வேண்டிய வரி அது.

எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல் செல்லாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. ராமானுஜனோடு சேர்ந்து எழுதிய அதே ஹார்டி, லிட்டில்வுட்டோடு பல பத்தாண்டுகள் சேர்ந்து எழுதினார். இருவரும் தங்களுக்குள் நான்கு விதிகள் வைத்திருந்ததாகக் கணிதவியலாளர் ஹரால்ட் போர் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் ஒன்று: இருவர் பெயரிலும் வரும் கட்டுரையில் ஒருவர் எதுவுமே செய்யாதிருந்தாலும் பரவாயில்லை. இன்றைய விதிப்படி இது குற்றம். ஆனால் அந்தக் கட்டுரையின் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் இருவரில் யாரும் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டியிருப்பார்கள். இருவருக்கும் பதவி உயர்வுக்கு அந்தப் பெயர் தேவைப்படவும் இல்லை. வழக்கம் ஒன்றாகத் தெரிந்தாலும் சேம்பர்லின் எங்கே, லிட்டில்வுட் எங்கே.

மறுகோடியில் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகம் இருக்கிறது. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வந்த கட்டுரை 33 பக்கம்; அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். மொத்தம் 5,154 பேர், அகர வரிசையில். ஆங்கில எழுத்து வரிசையின் தயவில் ஜி. ஆட் என்ற இயற்பியலாளர் பெயர் முதலில் வந்துவிடும்; அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான கட்டுரைகளை உலகம் 'ஆட் மற்றும் பிறர்' என்றே குறிப்பிடுகிறது. 5,154 பேரும் கட்டுரையை எழுதியிருக்க முடியாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அங்கே பட்டியலில் ஏற ஒரு வேலையை முடித்துக் காட்ட வேண்டும், கட்டுரை வெளியே போகுமுன் உள்ளுக்குள் பல சுற்றுச் சோதனை நடக்கும். பெயர்கள் இத்தனை இருந்தும் பொறுப்பு நீர்த்துப் போகாததற்கு அந்தச் சோதனைதான் காரணம்.

நான்கே பெயர் இருந்தும் பொறுப்பு காணாமல் போகலாம். 2020 மே 22 அன்று 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை, 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,032 நோயாளிகளின் தரவைக் கொண்டு, கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆபத்து என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் சோதனையை நிறுத்திவைத்தது. தரவு முழுவதும் சர்ஜிஸ்ஃபியர் என்ற சிறு நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் நிறுவனர் நால்வரில் ஒருவர். கேள்விகள் குவிந்ததும் மற்ற மூவர் தரவைக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வெளியான பிறகு கேட்டதை வெளியாகுமுன் கேட்டிருந்தால் ஒரு பெருந்தொற்றின் நடுவே இரண்டு வாரக் குழப்பம் நேர்ந்திருக்காது. அதற்குப் பிறகு, ஒருவருக்கு மேற்பட்ட கட்டுரையாளர்கள் தரவை நேரில் பார்த்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று 'லான்செட்' விதி கொண்டுவந்தது.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததும் சிலர் அதையே இணைக் கட்டுரையாளராகப் போட்டார்கள். 2023 தொடக்கத்தில் 'நேச்சர்', 'சயின்ஸ்', கோப் எல்லாம் அடுத்தடுத்துக் கூடாது என்றன. காரணத்தைக் கவனிக்க வேண்டும். எழுதத் தெரியாது என்றோ ஆராயத் தெரியாது என்றோ சொல்லவில்லை. தவறு நேர்ந்தால் பதில் சொல்ல அதனால் முடியாது என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1975இல் மிச்சிகனின் ஜாக் ஹெதரிங்டன் தனி ஆளாக எழுதிய இயற்பியல் கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்று இருந்தது. ஒற்றைக் கட்டுரையாளருக்கு இதழ் அதை ஏற்காது என்று நண்பர் எச்சரித்தார். தட்டச்சில் எல்லாவற்றையும் மாற்ற அலுப்புப்பட்டு, தன் சயாமியப் பூனையை எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் இணைக் கட்டுரையாளராக்கிவிட்டார். கட்டுரை 'பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வந்தது. பூனையும் பதில் சொல்லாதுதான். ஆனால் அங்கே ஹெதரிங்டன் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல இருந்தார். பதில் சொல்ல முடியாது என்று இயந்திரத்தை ஒதுக்கிய அதே தராசில், கட்டுரையைத் திறந்து பார்க்காத துறைத்தலைவரை நிறுத்தினால் முள் எந்தப் பக்கம் சாயும்?

முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை மானியக் குழு 2022 நவம்பரில் விலக்கிக்கொண்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் அதை வைத்திருக்கின்றன. வைத்திருக்கட்டும். திருத்தும்போது இரண்டு காரியம் செய்யலாம். ஐந்து பேர் பங்கிட்டால் ஐவரின் பங்கும் கூடி 10க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி. முழுத் தரவையும் பார்த்தேன், கேட்டால் காட்டுவேன் என்று கையெழுத்திடும் உத்தரவாதி ஒருவர் பெயர், ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும். அந்தக் கையெழுத்தை மாணவர் மட்டும் போடக் கூடாது. கைடும் போட வேண்டும். பெயர் சேர்த்துக்கொள்ள வரும் பேராசிரியரிடம் மாணவர் தைரியமாக நீட்டக்கூடிய காகிதம் அது ஒன்றுதான்: "சார், இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."